எத்தனை ஓனர் வண்டி?

செகண்ட் ஹேண்ட் பைக் பார்க்கப் போயிருக்கீங்களா? போயிருந்தா தெரியும். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு, மைலேஜ் என்ன, இன்சூரன்ஸ் இருக்கா, இதெல்லாம் அப்புறம்தான். வாயிலிருந்து முதல்ல வருவது, "எத்தனை ஓனர்ணா?" சிங்கிள் ஓனர்னு சொன்னா ஒரு நிம்மதி. மூணாவது ஓனர்னா நம்ம பார்வையே மாறிடும். குனிஞ்சு சைலன்சரைப் பார்ப்போம், டேங்கைத் தட்டிப் பார்ப்போம், ஏதோ போலீஸ் விசாரணை மாதிரி ஆர்.சி. புக்கைப் புரட்டுவோம்.

இதே கேள்வியை ஒரு காரைப் பத்திக் கேட்டா என்ன பதில் வரும்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஒரு டாக்டர். அப்புறம் ஒரு காயலான் கடை. அப்புறம் ஒரு இன்ஜினியர். இப்போ ஒரு மியூசியம். நடுவில் வரும் காயலான் கடைதான் என்னை ரெண்டு ராத்திரி தூங்க விடல. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

காரின் பெயர் புகாட்டி டைப் 41. எல்லாரும் கூப்பிடும் பெயர் ராயல். பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் மோல்ஸைம் என்ற சின்ன ஊரில் தொழிற்சாலை வைத்திருந்த எத்தோரே புகாட்டி, 1920-களில் ஒரு முடிவெடுத்தார். உலகத்தில் இருக்கும் அரசர்களுக்கு மட்டும் கார் செய்வது, மொத்தம் 25 கார், அவ்வளவுதான். ரேடியேட்டர் மூடியின் மேல் தும்பிக்கையைத் தூக்கி நிற்கும் ஒரு யானை. அந்த யானையைச் செதுக்கியவர் அவருடைய தம்பி, சிற்பி ரெம்ப்ராண்ட் புகாட்டி. தம்பி 1916-லேயே இறந்துவிட்டார். அண்ணன் தன் மிகப் பெரிய காரின் நெற்றியில் தம்பியின் யானையை வைத்தார்.

ஆனால் டைமிங் சரியில்லை. 1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து உலகமே காசில்லாமல் நின்றது. வாங்குவார் என்று எதிர்பார்க்கப்பட்ட ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ 1931-ல் நாட்டை விட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. கடைசியில் ஒரு அரசர்கூட வாங்கவில்லை. 25-க்குப் பதில் உருவானவை 6. அந்த ஆறிலும் வாடிக்கையாளர் கைக்குப் போனவை 3. ஒன்றை வாங்கியவர் எஸ்டர்ஸ் என்ற பிரெஞ்சு ஆயத்த ஆடை முதலாளி. "நான் ராத்திரியில் ஓட்ட மாட்டேன், ஹெட்லைட் வேண்டாம்" என்று சொல்லி ஹெட்லைட்டே இல்லாமல் வாங்கினார். (நம்ம ஊரில் ஹெட்லைட் இல்லாமல் ஓட்டுபவர்களுக்கு ஒரு முன்னோடி கிடைத்துவிட்டார்.) இன்னொன்று இங்கிலாந்தில் ஃபாஸ்டர் என்ற கேப்டனுக்குப் போனது. மூன்றாவதுதான் நம்ம ஹீரோ. திறந்த கூரை உள்ள கேப்ரியோலே. வாங்கியவர் யோசெஃப் ஃபுக்ஸ், ஜெர்மனியைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர்.

எஞ்சின் பற்றிச் சொல்லாமல் போனால் டிபார்ட்மென்ட்டில் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நேர் வரிசையில் 8 சிலிண்டர். போர் 125 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 130 மில்லிமீட்டர். கால்குலேட்டர் எடுங்க: 12,763 சிசி. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் கிட்டத்தட்ட 1,595 சிசி. இன்றைக்கு நம்ம தெருவில் நிற்கும் ஒரு செடான் காரின் மொத்த எஞ்சினும் அந்த ஒரு சிலிண்டருக்குள் அடங்கிவிடும். அந்தக் காலத்தில் 300 குதிரைத்திறன். காரின் எடை 7,035 பவுண்டு, அதாவது மூன்று டன்னுக்கும் மேல்.

அப்புறம் ஒரு விஷயம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும். நாம லேபில் கழற்றும் எஞ்சினில் சிலிண்டர் பிளாக் தனி, ஹெட் தனி, நடுவில் கேஸ்கெட். புகாட்டிக்கு அது பிடிக்காது. பிளாக்கையும் ஹெட்டையும் சேர்த்து ஒரே வார்ப்பாக வார்த்துவிடுவார். கேஸ்கெட்டே இல்லையென்றால் கேஸ்கெட் போகும் பிரச்சினையும் இல்லை. அழகான சிந்தனை. ஆனால் வால்வைத் தேய்க்க வேண்டுமென்றால் எஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டும். டிசைன் பண்ணுகிறவர் ஒருத்தர், ஸ்பேனர் பிடிக்கிறவர் இன்னொருத்தர் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் பெரிய கார் கம்பெனிகள் சேஸிஸும் எஞ்சினும் மட்டும்தான் கொடுக்கும். மேல் உடம்பை நீங்களே ஒரு பாடி பில்டரிடம் கொடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். நம்ம ஊரில் லாரி சேஸிஸ் வாங்கி நாமக்கல்லுக்கோ கரூருக்கோ பாடி கட்ட அனுப்புகிறார்களே, அதே முறை. ஃபுக்ஸ் தன் சேஸிஸை மியூனிக்கில் இருந்த லுத்விக் வைன்பெர்கரிடம் கொடுத்தார். 1932-ல் கறுப்பும் மஞ்சளுமாகக் கார் தயாரானது. மொத்தம் ஆன செலவை மியூசியத்தின் பலகை 43,000 டாலர் என்று சொல்கிறது. 1932-ல்! உலகம் முழுக்க ஏராளமான பேர் வேலையில்லாமல் வரிசையில் நின்ற வருஷம் அது. எனக்கு இந்த இடத்தில் டாக்டர் மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அந்தக் கோபம் அடுத்த பக்கத்திலேயே போய்விட்டது. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஜெர்மனியின் நிலைமை மாற மாற, ஃபுக்ஸ் நாட்டை விட்டுக் கிளம்பினார். முதலில் ஐரோப்பாவுக்குள்ளேயே. பிறகு ஷாங்காய். பிறகு, 1937-ஐ ஒட்டி, நியூயார்க். 1937 ஆகஸ்டில் ஷாங்காயில் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் முழு அளவில் போர் வெடித்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு மனிதர் ஜெர்மனியை விட்டு ஓடி வந்து ஷாங்காயில் நிற்கிறார், அங்கேயும் குண்டு விழும் காலம் வருகிறது. இதில் எனக்குப் புரியாத, ஆனால் ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று: போகிற இடத்துக்கெல்லாம் காரும் கூடவே போனது. மூன்று டன் காரைக் கப்பலில் ஏற்றி, சீனாவுக்கு. மறுபடி ஏற்றி, அமெரிக்காவுக்கு. ஹாஸ்டல் ரூம் மாற்றும்போது மெத்தையைத் தூக்கிக்கொண்டு மூணு மாடி ஏறவே நமக்கு அலுப்பாக இருக்கிறது.

நியூயார்க்கில்தான் அது செத்தது. போர் இல்லை, குண்டு இல்லை. தண்ணீர்.

குளிர்காலத்தில் ரேடியேட்டரில் இருந்த தண்ணீரை வடிக்காமல் விட்டுவிட்டார்கள். ராத்திரியில் தண்ணீர் உறைந்தது. தண்ணீர் பனிக்கட்டியானால் அதன் பருமன் 9 சதவீதம் போல அதிகமாகும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஏரி மேலே உறைந்து, கீழே மீன் உயிரோடு இருக்கும் என்று படம் போட்டு மார்க்கும் வாங்கியிருக்கிறோம். வார்ப்பிரும்பு அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. உள்ளே இருந்து பனி விரிந்து தள்ளியது, பிளாக் வெடித்தது. சாதாரண எஞ்சின் என்றால் பிளாக்கை மட்டும் மாற்றலாம். இங்கே பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. உலகத்திலேயே ஆறு கார்தான் உண்டு. ஸ்பேர் எங்கே கேட்பது? மோல்ஸைமிலா? 

ஷாங்காயைத் தாண்டி வந்த கார், ஒரு டிரெயின் பிளக்கைத் திறக்காததால் நியூயார்க்கில் பழைய இரும்புக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது. எடைக்குப் போட வேண்டிய பொருள் ஆனது. அமெரிக்காவில் அந்த வருஷங்களில் போருக்காக வீடு வீடாகப் பழைய இரும்பு சேகரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று டன் இரும்பு என்றால் எவ்வளவு ஆசையாகப் பார்த்திருப்பார்கள்!

இந்த இடத்தில்தான் நான் லேப்டாப்பை மூடினேன்.

என் தாத்தாவிடம் ஒரு மொபெட் இருந்தது. 50 சிசி, டூ ஸ்ட்ரோக். ராயலின் எஞ்சினுக்குள் அந்த மாதிரி 255 எஞ்சினை ஊற்றலாம். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். விடிகாலையில் கத்திரிக்காய் மூட்டையை முன்னாடி ஒன்று, பின்னாடி ஒன்று கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார். திரும்பி வரும்போது பின்னாடி மூட்டைக்குப் பதில் நான் இருப்பேன், கையில் பன் இருக்கும். தாத்தா போன பிறகு வண்டி மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்றது. ரெண்டு மழைக்காலம் அப்படியே நின்றது.

போன வருஷம் அம்மா போன் பண்ணினாங்க. எனக்கு மறுநாள் ஒரு கம்பெனியின் ஆன்லைன் டெஸ்ட்.

"டேய், பழைய இரும்புக்காரர் வந்திருக்காரு. தாத்தா வண்டியக் கேக்குறாரு. 1,800 தர்றேங்குறாரு."

"சரிம்மா."

"இல்லடா, உன்னக் கேக்கலாம்னுதான். நீ மெக்கானிக்கல்தானே படிக்குற. அது ரெடியாகுமா?"

"கிக்கர் இறங்குதா?"

"இறங்கலியே. கல்லு மாதிரி நிக்குது."

"அப்ப எஞ்சின் சீஸ் ஆயிருச்சும்மா. ஒண்ணும் பண்ண முடியாது. குடுத்துடுங்க."

அவ்வளவுதான். நாற்பது செகண்ட்கூட இருக்காது. வண்டியை ரெண்டு வருஷமாக நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பதில் சொன்ன குரலில் என்ன ஒரு கான்ஃபிடன்ஸ்!

ஆறு மாசம் கழித்து லேபில் அதே மாதிரி ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கழற்றினோம். அதுவும் சுற்றவில்லை. நான் பெரிய ஆள் மாதிரி "சீஸ்ணா, வேஸ்ட்" என்றேன். லேப் அண்ணா சிரித்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக டீசலை ஊற்றி, "ரெண்டு நாள் ஊறட்டும் தம்பி" என்றார். நின்றே கிடந்த வண்டியில் பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். மூணாம் நாள் ஃப்ளைவீலைக் கையால் அசைத்தார். சுற்றியது. அதற்கப்புறம் அந்த எஞ்சினை முழுசாகப் பிரிக்க எங்கள் நாலு பேருக்கு 40 நிமிஷம் ஆனது. அன்றைக்கு ரெக்கார்ட் நோட்டில் என்ன எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை.

சரி, நியூயார்க் கிடங்குக்கு வருவோம். அங்கே வந்தவர் சார்ல்ஸ் சேய்ன். ஜெனரல் மோட்டார்ஸின் ப்யூக் பிரிவில் தலைமைப் பொறியாளர். இந்த ராயலை அவர் முன்பே பார்த்து மயங்கியிருந்தார். அது கிடங்கில் கிடக்கிறது என்று தெரிந்ததும் போய் வாங்கினார். விலை 400 டாலர். 43,000-க்கு வாங்கிய காரின் விலையில் ஒரு சதவீதம்கூட இல்லை. பவுண்டுக்கு 6 டாலர் கொடுத்து வாங்கியதை பவுண்டுக்கு 6 சென்ட் கணக்கில் விற்றிருக்கிறார்கள்.

அம்மா அவருக்கு போன் பண்ணி "ரெடியாகுமா?" என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். வெடித்த பிளாக், ஸ்பேர் கிடையாது, மேனுவல் கிடையாது. என்னைவிட அவருக்கு "முடியாது" என்று சொல்ல ஆயிரம் மடங்கு நியாயமான காரணம் இருந்தது. அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வேலையை ஆரம்பித்தார். 1940-கள் முடிவதற்குள் கார் மறுபடி ரோட்டில் ஓடியது.

இங்கேதான் பழைய கார் ஆர்வலர்கள் ரெண்டு கட்சியாகப் பிரிவார்கள். சேய்ன் காரை இருந்தபடியே வைக்கவில்லை. அத்தனை பெரிய எஞ்சினுக்குப் புகாட்டி வைத்தது ஒரே ஒரு கார்புரேட்டர். அதைத் தூக்கிவிட்டு, புது இன்டேக் மேனிஃபோல்டு செய்து, நாலு கார்புரேட்டர் வைத்தார். கறுப்பு-மஞ்சளை எடுத்துவிட்டு, சிப்பி வெள்ளை அடித்தார். ஓரங்களும் துணிக்கூரையும் கரும்பச்சை. ஒரிஜினாலிட்டியை மதிக்கிறவர்களுக்கு இது கோயில் கல்வெட்டின் மேல் டைல்ஸ் ஒட்டிய மாதிரி.

நான் சேய்ன் கட்சி. பெயின்ட்டில் இல்லை, கறுப்பு-மஞ்சளே கம்பீரம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கார்புரேட்டரில் அவர் செய்தது ஒரு இன்ஜினியர் செய்கிற வேலை. நேர் வரிசையில் 8 சிலிண்டர் நிற்கும் நீளமான எஞ்சினில், நடுவிலிருக்கும் ஒரு கார்புரேட்டரிலிருந்து கடைசி சிலிண்டர் வரை கலவை போய்ச் சேருவதற்குள் சிலதுக்கு அதிகம், சிலதுக்குக் குறைவு என்று ஆகிவிடும். பந்தியில் ஒரே ஆள் சாம்பார் வாளியோடு ஓடுகிற மாதிரி. நேர் 8 எஞ்சின் சேய்னுக்குப் புதுசும் இல்லை. அவர் தலைமைப் பொறியாளராக இருந்தபோதுதான் ப்யூக் தன் 1941 மாடல்களில் நேர் 8 எஞ்சினுக்கு ரெண்டு கார்புரேட்டர் வைத்தது. ஷோகேஸில் வைக்க நினைத்திருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை. ஓட்ட நினைத்தார்.

அவர் பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் பொறியியல் துணைத் தலைவர் வரை போனார். 1950-களின் பிற்பகுதியில் காரை ஒரு மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். விற்கவில்லை, கொடுத்தார். எந்த மியூசியம் தெரியுமா? மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் இருக்கும் ஹென்றி ஃபோர்டு மியூசியம். வருஷக்கணக்கில் ஜி.எம்.-இல் சம்பளம் வாங்கிய மனிதர், தன் செல்லத்தை ஃபோர்டு வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்! இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது, சேய்ன் அடித்த அதே வெள்ளை-பச்சையில். அங்கிருக்கும் பலகையில் எத்தோரே புகாட்டி பெயர் உண்டு, வைன்பெர்கர் பெயர் உண்டு. கடைசி வரியில், சார்ல்ஸ், எஸ்தர் சேய்ன் தம்பதியின் அன்பளிப்பு என்று இருக்கிறது.

மற்ற ராயல்களின் கதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் எடிட்டர் அடிப்பார். விற்காமல் போன மூன்று கார்களைப் போர்க்காலத்தில் புகாட்டி குடும்பம் சுவர் எழுப்பி உள்ளே மறைத்து வைத்தது. அவற்றில் இரண்டை 1950-ல் அமெரிக்கப் பந்தய வீரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் வாங்கினார். கொடுத்தது கொஞ்சம் பணமும், கூடவே இரண்டு புது ஃப்ரிட்ஜும் என்று சொல்வார்கள். போர் முடிந்த பிரான்ஸில் ஃப்ரிட்ஜ் அப்படிப்பட்ட பொருள். அந்த இரண்டில் ஒன்றான கெல்னர் கூபே 1987-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஏலத்துக்கு வந்தபோது போன விலை 55 லட்சம் பவுண்டு. ஹெட்லைட் இல்லாத எஸ்டர்ஸ் காரின் மேல் உடம்பு பின்னால் மாற்றப்பட்டு, வேறு உருவத்தில் இருக்கிறது. 1985-ல் கலிபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் ஆறையும் ஒரே புல்வெளியில் நிறுத்தினார்கள். உருவான ஆறும் பிழைத்திருந்தன. அதில் காயலான் கடை பார்த்துவிட்டு வந்தது இந்த வெள்ளை-பச்சைதான்.

இதை எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. ஓனர் என்பதற்கு நல்ல தமிழ் வேண்டும் என்றார் எடிட்டர். நான் படித்தது முழுக்க இங்கிலீஷ் மீடியம், அதனால் அம்மாவிடம் கேட்டேன். "உரிமையாளர்னு ஆபீஸ்ல எழுதுவாங்க. நாம சொந்தக்காரர்னுதான் சொல்லுவோம். வீட்டுக்குச் சொந்தக்காரர், வண்டிக்குச் சொந்தக்காரர்" என்றார். அப்புறம் தான் சொன்னதே தனக்கு வேடிக்கையாகப் பட்டு, "கல்யாணத்துக்கு வர்றவங்களும் சொந்தக்காரங்கதான்" என்று சிரித்தார். ஃபுக்ஸ், சேய்ன் இருவரில் யார் எந்தச் சொந்தக்காரர் என்று நான் ரொம்ப நேரம் பிரித்துப் பார்த்தேன். பணம் கொட்டி வாங்கியவரும், இருண்ட காலத்தில் அதைக் கடல் கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு போனவரும் ஃபுக்ஸ்தான். அவரை வெறும் ஓனர் என்று தள்ளிவிட மனசு வரவில்லை.

போன் வைப்பதற்கு முன், சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "அம்மா, தாத்தா வண்டி ஆர்.சி. புக்கு என்னாச்சு? இரும்புக்காரர் வாங்கிட்டுப் போனாரா?"

"அவருக்கு எதுக்கு அது? எடைக்குத்தானே எடுத்தாரு. பீரோவுல இருக்கு, ரேஷன் கார்டு கவருக்குள்ள. எடுத்து வைக்கவா?"

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எடுத்துப் பார்த்தேன். அட்டை கிழிந்திருந்தது, கத்திரிக்காய்க் காம்பு மாதிரி ஏதோ ஒரு கறை. பெயர் மாற்றுவதற்கென்று இருந்த பக்கங்கள் எல்லாம் காலி. முதல் பக்கத்தில் நீல மையில் தாத்தா பெயர். சிங்கிள் ஓனர்.